என் விரலை அழுத்துங்க

பல் பிடுங்கும்போது பயம் போகக் கொடுக்கிற சிரிப்பு வாயு மெஷினின் குமிழை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்லித் தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், படம் போட்ட புத்தகம் இருக்கிறது. போதாததற்கு நோயாளியின் விரலில் மாட்ட ஒரு கிளிப் வேறு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அதுவே கத்தி ஊரைக் கூட்டிவிடும். நான் சொல்ல வந்தது அந்தக் கிளிப் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலத்தில் நடந்தது. சாதனை ஒன்றும் இல்லை, நான் செய்த தப்பு. அதில் மாட்டிய மனிதர் பிழைத்துக்கொண்டார் என்பதால்தான் இத்தனை வருடம் கழித்து இப்படிச் சாவகாசமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்த பல் கிளினிக்கில் நான் நர்ஸ். அதற்கு முன் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் பத்து வருடம் குப்பை கொட்டியிருந்தேன். அதனால், பல் டாக்டர் எங்கிருந்தோ ஒரு பழைய கேஸ் மெஷினை வாங்கி வந்து நிறுத்தியபோது, அதை மேய்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. பழைய மெஷின் என்றால் நிஜமாகவே பழையது. இப்போதுள்ளவை ஆக்சிஜன் தீர்ந்துபோனால் மற்ற வாயுவையும் தானாக நிறுத்திவிடும். அதற்கு அந்தப் புத்தியெல்லாம் கிடையாது. ஒன்று தீர்ந்தால் மற்றது பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும்.

எங்களுக்கு அதைப் பழக்கிவிட்டவர் ஒரு மயக்க மருந்து டாக்டர். எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்து இறங்கி, மாடிப்படி ஏறிய மூச்சு வாங்கலோடு பேச ஆரம்பிப்பார். அதிகம் பேசவும் மாட்டார். முதல் நாள் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“தூங்க வைக்கிற வேலை என்னோடது, சிஸ்டர். உங்க வேலை தூங்க விடாம பாத்துக்கிறது. ஆள் மிதக்கலாம், சிரிக்கலாம், பயம் போகலாம். ஆனா கூப்பிட்டா பதில் வரணும். பதில் நின்னுதுன்னா வேற எதையும் யோசிக்காதீங்க. கேஸை நிறுத்திட்டு ஆக்சிஜனைக் குடுங்க.”

இதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு வருடம் போனதும் குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துப் பல் டாக்டர்கள் தங்களிடம் வேலை செய்யும் பெண்களை எங்களிடம் பயிற்சிக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். நான் டீச்சர் ஆகிவிட்டேன். டீச்சர் ஆனவுடன் எனக்கும் ஒரு வாசகம் தேவைப்பட்டது. ஒரு சார்ட் பேப்பரில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினேன்: ‘பேச்சும் நிற்கக் கூடாது, பதிலும் நிற்கக் கூடாது.’ வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்து, “சிஸ்டர், நல்லா எழுதியிருக்கீங்க” என்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அஸ்தினாபுரத்திலிருந்து வந்த ஸ்டெல்லா அந்த வாசகத்துக்கென்றே பிறந்தவள் போல் இருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். எங்கள் கிளினிக்கிலேயே வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள். தண்ணீர் லாரி பின்னால் குடத்தோடு ஓடியதைச் சொன்னால்கூட நாம் வேலையை விட்டுவிட்டுக் கேட்போம். பயந்து நடுங்கி வரும் ஆட்கள் அவள் பேச்சில் ஐந்தே நிமிடத்தில் தோளைத் தளர்த்திவிடுவார்கள். கதைக்கு நடுவே, “சரிதானே?”, “அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?” என்று நிறுத்துவாள். எதிரில் இருப்பவர் ‘ம்’ கொட்டினால்தான் மேலே போவாள். பிள்ளைகளைப் பழக்கிய பழக்கம். நான் அவளை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டிக்கொண்டிருந்தேன். நோயாளியின் வாய் திறந்திருக்கும்போது அவரால் வேறு என்ன பேச முடியும், ‘ம்’ என்றாவது சொல்கிறாரே என்று நான் நினைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

முனுசாமி பம்மலில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர். ஐம்பது வயது, நல்ல திடகாத்திரமான ஆள். கடைவாய்ப் பல் ஒன்று உள்ளுக்குள் சீழ் பிடித்து, ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டு வீக்கம் வடிந்திருந்தது. பல்லைப் பிடுங்கியே ஆக வேண்டும். ஊசியைக் கண்டால் அவருக்கு ஆகாது. இதற்கு முன் இரண்டு தடவை நாற்காலி வரை வந்து, செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடியிருக்கிறார். மூன்றாவது தடவை அவர் மனைவி கன்னியம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

“யம்மா, இந்த ஆளு மறுபடி ஓடிப்பூடுவாரு. நான் கூடவே உக்காந்துக்கினு இருந்தாத்தான் இவரு நாற்காலில குந்துவாரு” என்றாள் என்னிடம்.

டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. “சிஸ்டர், உள்ள கூட்டம் வேண்டாம்.”

“கூட்டம் இல்ல டாக்டர், ஒருத்தங்கதான். இல்லாட்டி இன்னைக்கும் எந்திரிச்சு ஓடிடுவாரு” என்று நான்தான் சிபாரிசு செய்தேன். செய்தது தப்பில்லை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். நம் ஊரில் யாரும் தனியாக வைத்தியம் பார்த்துக்கொள்ள வருவதில்லை. கூட வந்தவரை வெளியே தள்ளினால் உள்ளே இருப்பவரின் பயம் இரண்டு மடங்காகும். ஆனால் அவளை எங்கே உட்கார வைப்பது என்று நான் யோசிக்கவில்லை. கண்ணில் பட்ட ஸ்டூலை இழுத்து மெஷினுக்குப் பின்னால், சுவர் ஓரமாகப் போட்டேன். ஸ்டெல்லா நின்ற இடத்துக்கு நேர் பின்னால்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆக்சிஜன் சிலிண்டரின் முள் தாழ்வாகத்தான் இருந்தது. ஒரு பல், இருபது நிமிட வேலை, இந்த ஆளுக்குத் தாங்கும், அடுத்தவருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். பக்கத்திலேயே நிறைந்த சிலிண்டர் தயாராக மாட்டியிருந்தது. திறக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்துக்குச் சோம்பல்பட்டேன்.

மூக்கில் மாஸ்க் வைத்துக் கொஞ்ச நேரத்தில் முனுசாமியின் முகம் இளகியது. “ஷோக்கா கீதுமா” என்று சிரித்தார். ஊசி போட்டது அவருக்குத் தெரியவே இல்லை. டாக்டர் பல் வரிசைக்கு நடுவே ரப்பர் கட்டையை வைத்து வாயைத் திறந்த நிலையில் நிறுத்தினார். ஸ்டெல்லா கதையை ஆரம்பித்தாள். அவள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு முருங்கை மரத்துக்காகச் சண்டை போட்ட கதை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பல் பாதியில் முறிந்தது. வேர் உள்ளே நின்றுவிட்டது.

இருபது நிமிடம் முப்பத்தைந்து நிமிடமாயிற்று. டாக்டருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. அவர் கேட்கும் சாமான்களை எடுத்துக் கொடுக்க நான் ட்ரே பக்கம் திரும்பி நின்றேன். முனுசாமியின் முகம் எனக்குத் தெரியவில்லை. டாக்டரின் முதுகு மறைத்திருந்தது. காது மட்டும் அங்கே இருந்தது.

“...அந்த அம்மா ராத்திரியோட ராத்திரியா கிளையை வெட்டிட்டாங்க. சரிதானே, ஐயா?”

“ம்.”

“காலைல இவங்க எழுந்து பாத்தா மரம் மொட்டையா நிக்குது. விடுவாங்களா?”

“ம்.”

பேச்சும் நிற்கவில்லை, பதிலும் நிற்கவில்லை. என் சார்ட் பேப்பர் வாசகம் கண்ணெதிரே நடக்கிறது. எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

“வாயை இன்னும் கொஞ்சம் திறங்க” என்றார் டாக்டர். அதே நேரத்தில் ஸ்டெல்லா ஏதோ கேட்டாள், ‘ம்’ என்று பதில் வந்தது. தெளிவான, வாய் மூடிய ‘ம்’.

கையில் பஞ்சோடு நான் அப்படியே நின்றேன். உதட்டை மூடாமல் ‘ம்’ சொல்ல முடியுமா? அசட்டுத்தனமாக என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நானே சொல்லிப் பார்த்தேன். ‘ஆங்’ என்றுதான் வந்தது. நீங்களும் சொல்லிப் பாருங்கள். பல்லுக்கு நடுவே ரப்பர் கட்டை வைத்திருக்கும் ஆள் அரை மணி நேரமாக எப்படி ‘ம்’ கொட்டுகிறார்?

“டாக்டர், நிறுத்துங்க!” என்று கத்திவிட்டேன். அந்தக் கிளினிக்கில் நான் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் கருவியோடு கையை வெளியே எடுத்தார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு போய் முனுசாமியின் முகத்தைப் பார்த்தேன். கண்கள் பாதி திறந்து மேலே செருகியிருந்தன. மெஷினில் ஆக்சிஜன் வருவதைக் காட்டும் குட்டிக் குண்டு, குழாயின் அடியில் சும்மா கிடந்தது. சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது. வெறும் சிரிப்பு வாயுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

நகம் நீலமாகியிருக்குமே, உதடு கறுத்திருக்குமே, பக்கத்தில் நின்றவள் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முனுசாமியின் நகங்கள் இருபது வருடமாகத் தோல் பதனிடும் தொட்டியில் ஊறிக் காவியேறிப் போனவை. உதடோ வெற்றிலை போட்டுப் போட்டுக் கறுஞ்சிவப்பு. எந்த நிறமும் அதில் தெரியாது. மூச்சு விடும்போது உப்பி அடங்குகிற மெஷினின் ரப்பர் பை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஸ்டெல்லா அதைப் பார்த்துத் திருப்தியாக இருந்திருக்கிறாள். அந்த மனிதர் உள்ளே எப்படி இருக்கிறார் என்று எங்களுக்குச் சொல்லக்கூடியது அவர் பதில் ஒன்றுதான். அந்தப் பதில் அவருடையதாக இல்லை.

சிரிப்பு வாயுவின் குமிழை மூடினேன். சிலிண்டரைத் திறக்கும் சாவியை நானே முன்பு ஒரு பேண்டேஜ் துணியால் மெஷினோடு கட்டி வைத்திருந்தேன். அந்தப் பதினைந்து பைசா புத்திசாலித்தனம் அன்றைக்குக் கை கொடுத்தது. புது சிலிண்டரைத் திறந்தேன். குண்டு துள்ளி மேலே ஏறியது. டாக்டர் ரப்பர் கட்டையையும் பஞ்சையும் உருவி எடுத்துவிட்டுத் தாடையைத் தூக்கிப் பிடித்தார். ஸ்டெல்லாவுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது, ஆனால் சொன்னதைச் செய்தாள். மாஸ்க்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா! முனுசாமி ஐயா!”

பதில் இல்லை. வாயில் இனி எனக்கு நம்பிக்கை இல்லை. அவருடைய வலது கைக்குள் என் இரண்டு விரலை நுழைத்தேன். “ஐயா, என் விரலை அழுத்துங்க.”

ஒன்றுமில்லை. கை கனமாகக் கிடந்தது. பின்னால் கன்னியம்மா ஸ்டூலை விட்டு எழுந்தது கேட்டது. எங்கள் மூன்று பேர் முதுகைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துபோயிருக்க வேண்டும்.

“அழுத்துங்க, ஐயா.”

எத்தனை மூச்சு போயிற்று என்று எனக்குத் தெரியாது. எண்ணும் நிலையில் நான் இல்லை. ஆஸ்பத்திரியில் பத்து வருடம் இருந்திருக்கிறேன், என் கையில் ஆள் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் சோம்பலாலும் என் வாசகத்தாலும் யாரும் போனதில்லை. மாதாவே, பிள்ளையாரே என்று எல்லாரையும் கூப்பிட்டேன்.

அப்போது அழுத்தினார்.

லேசாக இல்லை. ஈரத் தோலை முறுக்கிப் பிழிந்து பழகிய கை அது. என் இரண்டு விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. “ஐயோ!” என்று அலறினேன், அலறிக்கொண்டே சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. விரல் இரண்டு நாள் வீங்கியிருந்தது. அந்த இரண்டு நாளும் நான் அதைத் தடவித் தடவிச் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது.

முனுசாமி கண்ணைத் திறந்தார். மாஸ்க்குக்கு அடியிலிருந்து குழறலாக ஒரு குரல். “இன்னாமா... பல்லு வந்துச்சா?”

“பாதி வந்திருக்கு, ஐயா” என்றார் டாக்டர். திறந்த வாய் வழியாக வெளிக்காற்றும் கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டிருந்ததால்தான் முனுசாமி தப்பினார் என்று மயக்க மருந்து டாக்டர் பிறகு சொன்னார். அதாவது எங்கள் திறமையால் இல்லை.

அவரை வெளியே பெஞ்சில் படுக்க வைத்து, மாலை வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நடந்தது என்ன என்பதை மறைக்காமல் அவர் மனைவியிடம் சொன்னேன். ஆக்சிஜன் தீர்ந்துபோனது, நாங்கள் கவனிக்கவில்லை, தப்பு எங்களுடையது என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்.

“அந்தப் பொண்ணு சோக்கா கத சொல்லிக்கினு இருந்திச்சு. நான் ‘ம்’ கொட்டிக்கினு இருந்தேன். கத சொல்றவங்களுக்கு ‘ம்’ கொட்டலன்னா மரியாத இல்லியேன்னு... அதாமா தப்பாப் பூச்சு?”

“உங்க மேல தப்பே இல்லம்மா” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே டாக்டர் ஸ்டெல்லாவைத் திட்டிக்கொண்டிருந்தார். “பக்கத்துல நின்னுக்கிட்டு யார் பேசறாங்கன்னுகூடத் தெரியலையா உனக்கு? நாளைலேருந்து வர வேண்டாம்.” அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் போய், “அவளை அனுப்பினா என்னையும் அனுப்பணும், டாக்டர். முள்ளு தாழ்வா இருந்ததைப் பாத்துட்டு விட்டது நான். அந்தம்மாவை அங்க உக்கார வெச்சது நான். ‘ம்’ சொன்னா போதும்னு இவளுக்குச் சொல்லிக்குடுத்ததும் நான்தான்” என்றேன். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் இருவரும் வேலைக்கு வந்தோம். அவர் வழக்கம்போல் முதல் நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.

ஆனால் அன்றைக்குப் படியிறங்கும்போது ஸ்டெல்லா என்னிடம் ஒன்று கேட்டாள். கோபமாக இல்லை, அழுது முடித்த குரலில்.

“சிஸ்டர், பதில் நிக்கக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்கீங்க. யாரோட பதில்னு எழுதலையே?”

எனக்குச் சுருக்கென்றது. மயக்க மருந்து டாக்டர் ‘கூப்பிட்டா பதில் வரணும்’ என்றுதான் சொன்னார். ஆளைக் கூப்பிட வேண்டும், அந்த ஆளிடமிருந்து வர வேண்டும். காதுக்கு இனிமையாக ஒரு வாசகம் செய்யப் போய் நான் ஆளையே விட்டுவிட்டேன். மறுநாள் காலை முதல் வேலையாகச் சுவரிலிருந்து சார்ட் பேப்பரைக் கிழித்தேன். அதன் பிறகு நான் எந்த வாசகமும் எழுதி ஒட்டவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களை நாற்காலியில் படுக்க வைத்து, வாயில் ரப்பர் கட்டையை வைத்து, ‘ம்’ சொல்லச் சொன்னேன். ஒருத்தரும் சொன்னதில்லை, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அப்புறம்தான் கையைக் கொடுக்கச் சொல்லுவேன்.

இப்போது உங்கள் கிளிப் இருக்கிறது, நல்லதுதான். ஆனாலும் ஒரு கை அவர் கையில் இருக்கட்டும். கிளிப் ரத்தத்தைத்தான் பார்க்கும். கூப்பிட்டால் கேட்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முனுசாமி திரும்பி வருவார் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. உள்ளே நின்ற வேர் அவரை விடவில்லை. பத்து நாள் கழித்து வந்தார், இந்தத் தடவை யாரும் இழுத்து வராமல் அவரே முன்னால் ஏறி வந்தார். பின்னால் கன்னியம்மா. அவருக்கு நடந்தது எல்லாம் தெரியும். “கேஸ் வாணாம்னா சொல்லுங்க, ஐயா, ஊசியோட முடிச்சுக்கலாம்” என்றேன்.

“அதெல்லாம் வாணாம்மா. அந்தப் பொண்ணு நிக்கட்டும், கேஸும் வெய்யி” என்றார்.

ஆக்சிஜன் சிலிண்டரைப் புதிதாக மாற்றினேன். ஸ்டூலை எடுத்துக் காலடிப் பக்கம், எங்கள் எல்லார் கண்ணுக்கும் எதிரே போட்டுக் கன்னியம்மாவை உட்கார வைத்தேன். ஸ்டெல்லா ஒரு கையை முனுசாமியின் கைக்குள் கொடுத்தாள். அன்றைக்கு மிச்சம் நின்ற முருங்கை மரக் கதையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்தி, “அழுத்துங்க, ஐயா” என்பாள். முகம் சுளித்துக்கொண்டு எங்களுக்குத் தலையாட்டுவாள். ஒவ்வொரு தடவையும் நல்ல அழுத்தல்தான் போலும்.

எதிரே கன்னியம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். கதை சூடு பிடிக்கப் பிடிக்க அவள் கண் பெரிதாகியது, தோள் குலுங்கியது. ஒரு சத்தம் வெளியே விடவில்லை. பதினெட்டாவது நிமிடத்தில் வேர் முழுசாக வந்தது. டாக்டர் அதைத் தூக்கிக் காட்டினார். நான் கேஸை மூடி ஆக்சிஜனை மட்டும் விட்டேன். ரப்பர் கட்டை வெளியே வந்தது. முனுசாமி கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

ஸ்டெல்லா சிவந்துபோன விரலை உதறிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பினாள். “முடிஞ்சிடுச்சும்மா. கடைசில ரெண்டு வீட்டுக்காரங்களும் சேந்து உக்காந்து முருங்கைக்காய் சாம்பார் சாப்பிட்டாங்க. இப்ப நீங்க சொல்லலாம்.”

கன்னியம்மா தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். பதினெட்டு நிமிடமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, அறை முழுக்கக் கேட்கும்படி, நீளமாகச் சொன்னாள்:

“ம்...ம்...ம்!”